விபத்துக்கு அப்புறம் பிள்ளை பழையபடி இல்லையா? கண்டுபிடிப்பதிலிருந்து குணமாகும்வரை ஒரு முழு வழிகாட்டி

பெங்களூர் நெடுஞ்சாலையில் அப்பாவின் பைக்கைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடிக்கிறது. பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை சிராய்ப்போடு தப்பித்துவிடுகிறது, அப்பாவுக்குக் கால் முறிவு. அப்புறம் ஆபரேஷன், பிளேட், பிசியோதெரபி, இன்சூரன்ஸ் என்று மாதக்கணக்கில் வீடே அப்பாவின் காலைச் சுற்றி ஓடுகிறது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி காப்பாத்திடுச்சு என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை ஸ்கூலுக்கு நடந்துதான் போவேன் என்கிறது, ராத்திரி ஆயாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுக்கிறது, ஒன்பது வயதில் படுக்கையை நனைக்கிறது, சும்மா தோளைத் தொட்டால்கூடச் சீறுகிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஒருவர், பயந்த கோளாறு மந்திரித்தால் சரியாகிவிடும் என்று இன்னொருவர்.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட பிள்ளையின் வீட்டுக்காரர்களுக்காக. நான் டாக்டர் இல்லை, வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளோடு பேசுகிற வேலை என்னுடையது. எனக்குத் தெரிந்து இந்தக் கோளாறு நீடிப்பதற்குப் பெரிய காரணம் நம் வீடுகளில் எல்லோரும் நல்லெண்ணத்தோடு செய்கிற ஒரு காரியம்: அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பது, பேசாவிட்டால் மறந்துவிடும் என்று நம்புவது. கீழே சொல்லப்போகிற சிகிச்சை முறைகள் எல்லாமே இதற்கு நேர் எதிர்த் திசையில்தான் போகின்றன.

முதலில், இது என்ன கோளாறு

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் கோளாறு என்பது இதன் பெயர், டாக்டர்கள் பிடிஎஸ்டி என்பார்கள். உயிரே போகிற மாதிரியோ, பலத்த காயம் படுகிற மாதிரியோ, பாலியல் கொடுமையாகவோ ஏதாவது ஒன்று பிள்ளைக்கு நடந்திருக்க வேண்டும், இல்லை அதை நேரில் பார்த்திருக்க வேண்டும், இல்லை பெற்றவர்களுக்கோ நெருங்கியவர்களுக்கோ நடந்ததைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. நெடுஞ்சாலை விபத்து, தெருநாய்க் கடி, சமையல் தீ, தை மாதம் தொடங்கி ஊர் ஊராக நடக்கும் மாடு விடும் திருவிழாவில் கூட்டத்துக்குள் பாயும் மாடு. 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் கனமழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். அதே மாதக் கடைசியில் வேலூர்ப் பக்கம் 3.6 அளவில் நில அதிர்வும் வந்தது, பெரியவர்களுக்கே சுவரை நம்பிப் படுக்க மனசு வரவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். இந்த மாதிரிச் சாவுகளில் வீட்டிலிருக்கும் பிள்ளை எதையும் கண்ணால் பார்த்திருக்காது, ஆனால் பெரியவர்கள் அரைகுறையாகப் பேசுவதைக் கேட்டு அது மனசுக்குள் வரைந்துகொள்ளும் படம் நிஜத்தைவிடக் கோரமாக இருக்கும். இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றும் உண்டு: தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் அப்பா. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கும் இதே கோளாறு வரலாம்.

ஒரு ஆறுதல், பயங்கரத்தைப் பார்த்த எல்லாப் பிள்ளைக்கும் இது வருவதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வந்த கணக்கின்படி ஏறக்குறைய ஆறில் ஒரு பிள்ளைக்குத்தான் வருகிறது. முதல் சில வாரம் அழுகையும் தூக்கமின்மையும் யாருக்கும் இருக்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் நின்றால், அல்லது போய்விட்டுத் திரும்ப வந்தால், அப்போதுதான் இந்தப் பெயரைச் சொல்வார்கள். சிலருக்கு ஆறு மாதம் கழித்தும் தொடங்கலாம்.

முதல் நாளும் முதல் வாரமும்

பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும், இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அம்மா அப்பா இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தால் சித்தியோ ஆயாவோ யாராவது ஒரே ஆள், மாற்றி மாற்றி வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, தூக்கம், பழகின போர்வை. போனில் சுற்றும் விபத்து வீடியோவைப் பிள்ளையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரர்களிடம் போனைப் பிடுங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் "என்னடா ஆச்சு, சொல்லு" என்று பிள்ளையை நிறுத்தி வைத்துக் கதை சொல்லவைக்கும் வழக்கத்தைத் தடுத்துவிடுங்கள். சம்பவம் நடந்த உடனேயே எல்லாவற்றையும் கொட்டவைக்கும் ஒற்றை அமர்வு கவுன்சலிங்கும் இப்போது பரிந்துரையில் இல்லை, அதனால் பலன் இல்லை என்று தெரிந்துவிட்டது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் நோண்ட வேண்டாம்.

யாராவது இறந்திருந்தால் "ஊருக்குப் போயிருக்காங்க", "தூங்குறாங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஊருக்குப் போனவர் ஏன் சொல்லாமல் போனார் என்று பிள்ளை வருஷக்கணக்கில் யோசிக்கும், தூங்குகிறார் என்று சொன்ன வீட்டில் பிள்ளை தூங்கவே பயப்படும். செத்துவிட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார், உன்னைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். இந்த நான்கையும் இந்த வரிசையில் சொன்னால் போதும். சாவுச் சடங்குக்கு வருகிறேன் என்று பிள்ளை கேட்டால், என்னென்ன நடக்கும் என்று முன்னாலேயே சொல்லி, பக்கத்தில் இருக்க ஒரு ஆளையும் ஏற்பாடு செய்து கூட்டிப் போகலாம். வேண்டாம் என்றால் இழுக்காதீர்கள்.

அப்புறம் மந்திரிப்பது. ஒரு தடவை மந்திரித்து தாயத்துக் கட்டுவதோ, பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொண்டு வருவதோ எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயாவின் மனசு ஆறும், பதறாத ஆயா பிள்ளைக்கு நல்லது. ஆனால் வேப்பிலையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பேய் ஓட்டுகிறேன் என்று ராத்திரி எங்காவது தங்கவைப்பது, இவை அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது விபத்து.

அடையாளம் காண்பது

பெரியவர்களுக்கு எழுதிவைத்த அறிகுறிகளைப் பிள்ளையிடம் தேடினால் கிடைக்காது. ஆறு வயது வரை உள்ளவர்களுக்கு 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி அளவுகோலே வகுத்தது, ஏனென்றால் அந்த வயதில் பிள்ளைக்கு "அது எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது" என்று சொல்லத் தெரியாது. நான்கு கோணத்தில் பாருங்கள்: சம்பவம் திரும்பத் திரும்ப உள்ளே வருவது, அதை நினைவூட்டுகிறதிலிருந்து ஓடுவது, மனநிலையும் எண்ணங்களும் கெடுவது, உடம்பு எப்போதும் உஷாராகவே இருப்பது. கடைசி ஒன்றை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சின்னப் பிள்ளையிடம் விளையாட்டைக் கவனியுங்கள். மாடு முட்டி ஒருவர் விழுந்ததைப் பார்த்த நாலு வயதுப் பிள்ளை, பொம்மை மாட்டை எடுத்து ஒரு பொம்மை ஆளைத் தள்ளும், எடுத்து நிறுத்தும், தள்ளும், எடுத்து நிறுத்தும். எல்லாப் பிள்ளையும் பார்த்ததை விளையாடும்தானே என்பீர்கள். சாதாரண விளையாட்டில் கதை மாறிக்கொண்டே போகும், மாட்டுக்குப் பசிக்கும், டாக்டர் வருவார், ஆள் எழுந்து ஓடுவார், சிரிப்பு வரும். இதில் கதை நகராது, முகத்தில் சிரிப்பும் இருக்காது, விளையாடி முடித்த பிள்ளை முன்னைவிடக் கலங்கிப் போயிருக்கும். கெட்ட கனவு வரும், என்ன கனவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிறுத்தியிருந்த பால் புட்டி, விரல் சூப்புதல், மழலைப் பேச்சு எல்லாம் திரும்பி வரலாம். அம்மா பாத்ரூம் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று அழும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வயதில் வயிற்றுவலியும் தலைவலியும் அதிகம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்பார்கள், வீட்டில் நடிக்கிறான் என்பார்கள். வலி நிஜம். படித்தது மண்டையில் ஏறாது, சின்னச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும், சண்டைக்கு நிற்கும். துறுதுறு என்று ஓரிடத்தில் உட்காராத பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கவனக்குறைவுக் கோளாறு என்று முத்திரை குத்துவதும் நடக்கும். சம்பவத்துக்கு முன்னால் இப்படி இருந்ததா என்று கேட்டாலே பாதி குழப்பம் தீரும். சில பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்த்தபடி உறைந்துவிடும். அதை வலிப்பா இல்லையா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், நாமே முடிவு கட்டக் கூடாது.

இந்த வயதில் நான் மிகவும் பயப்படுவது குற்ற உணர்ச்சிக்குத்தான். 1976-இல் கலிபோர்னியாவில் சௌச்சில்லா என்ற ஊரில் 26 பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸோடு கடத்திப் போய் மண்ணுக்குள் புதைத்த ஒரு வண்டிக்குள் அடைத்துவைத்தார்கள், எல்லோரும் உயிரோடு தப்பித்தார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். அவர் கண்ட விஷயங்களில் ஒன்று, நடந்து முடிந்த பிறகு பிள்ளைகள் பின்னோக்கிப் போய்ச் சகுனங்களைத் தேடிக்கொண்டன: அன்றைக்குக் காலையில் இது நடந்ததே, அதை நான் கவனித்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று. கலிபோர்னியாவிலேயே இப்படி என்றால், பல்லி விழும் பலனும் பூனை குறுக்கே போவதும் தினசரிப் பேச்சாக இருக்கிற நம் வீடுகளில் யோசித்துப் பாருங்கள். "அன்னைக்கே எனக்கு மனசு சரியில்ல, போக வேணாம்னு சொன்னேன்" என்று அத்தை சொல்லி அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கடைக்குப் போகலாம் என்று அடம்பிடித்தது நான்தானே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை அது வெளியே சொல்லாது. இந்த மாதிரிப் பேச்சைப் பிள்ளை இருக்கும் இடத்தில் பேசாதீர்கள் என்று உறவுக்காரர்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இது கோபமாகவும் அலட்சியமாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வரும். பைக்கைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, ஹான்ஸ், சரக்கு, கையில் கீறிக்கொள்வது, ராத்திரி முழுக்கப் போன், எதிர்காலம் பற்றிக் கேட்டால் "அதுவரைக்கும் உயிரோட இருப்பேனா பார்க்கலாம்" என்ற பதில். பையன் என்றால் படிப்பு ஏறவில்லை என்று ஷூ கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறார்கள், பெண் என்றால் பள்ளியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை தேடுகிறார்கள். இரண்டிலும் கோளாறு பிள்ளையோடுதான் போகிறது.

கேட்பது எப்படி

எதிரில் உட்காரவைத்து விசாரித்தால் வாய் திறக்காது. பக்கத்தில் உட்கார்ந்து கை வேலை செய்யும்போது கேளுங்கள், பூ கட்டும்போது, மொச்சை உரிக்கும்போது, மொட்டை மாடியில் பாய் போடும்போது. இப்படி:

"கண்ணு, அன்னைக்கு நடந்தது எனக்கு அப்பப்ப ஞாபகம் வருது. உனக்கும் வருதா?"

பதில் வராமல் போகலாம்.

"சொல்லியே ஆகணும்னு இல்ல. எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு. கேட்டுட்டு நான் அழுதாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

அந்தக் கடைசி வரிதான் கதவைத் திறக்கிறது. அம்மா தாங்கமாட்டாள் என்பதால்தான் முக்கால்வாசிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்கின்றன. சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தட்டிவிடாதீர்கள், நடந்ததைத் திருத்தாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டால் போதும். ஒரு நோட்டில் தேதி போட்டு, தூக்கம், கனவு, படுக்கை நனைத்தது, எதைக் கண்டு மிரண்டது என்று ஓரிரு வரி எழுதி வையுங்கள், டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு உங்கள் வாயைவிடத் தெளிவாகப் பேசும்.

எப்போது, எங்கே போவது

ஒரு மாதம் தாண்டியும் மேலே சொன்னவை நின்று, படிப்பையோ சாப்பாட்டையோ தூக்கத்தையோ விளையாட்டையோ கெடுத்தால் போய்விடுங்கள். சாகணும் என்று பேசினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், சாப்பிடவே மறுத்தால், பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் ஒரு மாதம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே போகணும்.

வேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957-இலிருந்து நடக்கிறது, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு உண்டு. நோயாளியோடு குடும்பத்து ஆளும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பதை அந்தக் காலத்திலேயே வழக்கமாக்கிய இடம் அது. வேலூர்க்காரர்களில் பாதிப் பேர் பாகாயம் என்றாலே ஒரு கேலிச் சிரிப்பு சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்குப் பயந்தே போகாத குடும்பங்கள் உண்டு. சிரிக்கிறவர்கள் உங்கள் பிள்ளையோடு ராத்திரி விழித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. தூரத்து ஊர்க்காரர்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் கேளுங்கள், மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல டாக்டர் எந்த நாளில் வருவார் என்று சொல்வார்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேசியே ஆகணும் என்றால் 14416, அது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

ஓபியில் "பையன் சரியா படிக்கல, ரொம்ப கோவப்படுறான்" என்று ஆரம்பித்தால் பேச்சு படிப்பிலேயே முடிந்துவிடும். "இந்த மாதம் இந்தச் சம்பவம் நடந்தது, அதுக்கு முன்னால இப்படி இல்லை" என்று தொடங்குங்கள். விபத்துக் காயத்துக்காக வேறு வார்டில் படுத்திருக்கும்போதே மனநல டாக்டரைக் காட்டச் சொல்லியும் கேட்கலாம், தையல் பிரிப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது மாதிரியான வலியே சில பிள்ளைகளுக்குத் தனி அதிர்ச்சியாகிவிடுவதால் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் என்றால் எட்டுக் கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுக்கக்கூடும், அதில் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்ப்பார்கள். அது சல்லடை மட்டும்தான், நோயை முடிவு செய்வது நேர்காணல்.

சிகிச்சையில் என்ன நடக்கும்

பிள்ளைகளுக்கு அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை, அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒன்று என்ற கணக்கில் பொதுவாக 8-லிருந்து 25 அமர்வுகள் வரை போகும், பாதி நேரம் பிள்ளையோடு, பாதி பெற்றோரோடு. போன முதல் நாளே "நல்லாப் படிக்கணும், அம்மா பேச்சைக் கேக்கணும்" என்று உபதேசம் மட்டும் நடந்தால் அது சிகிச்சை இல்லை. பிள்ளைகளுக்கான ட்ராமா சிகிச்சையில் பயிற்சி உண்டா, நாங்களும் உள்ளே வருவோமா, எத்தனை அமர்வு என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முதலில் உனக்கு வந்திருப்பது இன்னது, பைத்தியம் இல்லை, நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று விளக்குவார்கள். பெற்றோருக்கு வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தருவார்கள். அப்புறம் உடம்பை அடக்கும் வித்தைகள், வயிறு உப்பி இறங்குகிற மாதிரி மெதுவாக மூச்சு விடுவது, பயம் வரும்போது கண்ணுக்குத் தெரியும் 5 பொருள், தொட்டுப் பார்க்க 4, காதில் விழும் 3 சத்தம் என்று எண்ணி இந்த நிமிஷத்துக்குத் திரும்புவது.

நடுப்பகுதிதான் சிகிச்சையின் உயிர். பிள்ளை நடந்த கதையைப் பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும், எழுதும், வரையும். சம்பவத்துக்கு முன்னால் அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதிலிருந்து தொடங்கும், மிகக் கோரமான துண்டைக் கடைசியில்தான் தொடுவார்கள், இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்பதில் முடியும். திரும்பத் திரும்பப் படிக்கும்போது நெஞ்சு படபடப்பு குறைந்துகொண்டே வரும். குற்ற உணர்ச்சி வெளியே விழுவதும் இங்கேதான். "நான் சாக்லேட் கேக்காம இருந்திருந்தா நைனா அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டாரு" என்று எழுதுவான். அதை அதட்டி மறுக்காமல், வேனை ஓட்டினது யார், சாக்லேட் கேட்கிற எல்லாப் பிள்ளையின் அப்பாவும் இடிபடுகிறாரா என்று கேட்டுக் கேட்டு அவனையே யோசிக்கவைப்பார்கள். முடிவில் அந்தக் கதையைப் பெற்றோர் முன்னால் படிப்பான். அன்றைக்கு நீங்கள் கலங்காமல் கேட்பதற்காகத்தான் முன்னாலேயே உங்களைத் தனியாகத் தயார்படுத்துகிறார்கள்.

இன்னொரு பக்கம், தவிர்த்துக்கொண்டிருந்ததை நேரில் எதிர்கொள்வது. பைக் பயம் என்றால் படிக்கட்டு இப்படி இருக்கும்: நிறுத்தியிருக்கும் பைக்கைத் தள்ளி நின்று பார்ப்பது, கிட்டே போய்த் தொடுவது, இன்ஜின் ஓடாமல் ஏறி உட்காருவது, இன்ஜின் ஓட நின்ற இடத்திலேயே உட்காருவது, ஹெல்மெட் போட்டுத் தெருமுனைவரை, அப்புறம் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிவரை, கடைசியில் சம்பவம் நடந்த இடம். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று பிள்ளையே சொல்லும். எட்டு என்றால் அது நான்காக இறங்கும்வரை அதே படியில் இருக்க வேண்டும், உச்சத்தில் இறக்கிவிட்டால் ஓடிவந்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். "ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள், "மெதுவா போவேன், ஹெல்மெட் இருக்கு, நிறுத்தச் சொன்னா நிறுத்துவேன்" என்பது போதும், உண்மையும்கூட. நிஜமான ஆபத்துக்கு இந்தப் படிக்கட்டு கிடையாது. அடிக்கிற ஆள் வீட்டிலேயே இருக்கிறான் என்றால் பிள்ளை பயப்படுவது சரிதான், முதலில் அந்த ஆபத்தைத்தான் விலக்க வேண்டும்.

கண் அசைவுகளை வைத்துச் செய்யும் இஎம்டிஆர் என்ற முறையும் பிள்ளைகளுக்கு உண்டு, தெரிந்த சிகிச்சையாளர் கிடைத்தால் நல்லது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் விளையாட்டின் வழியாக, அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துச் செய்வார்கள்.

மாத்திரையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்குக் கீழே இந்தக் கோளாறுக்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கூடவே கடுமையான மனச்சோர்வு இருந்தாலோ வேறு கோளாறு இருந்தாலோ மனநல டாக்டர் யோசித்துக் கொடுப்பார், அதை நிறுத்துவதும் அவரைக் கேட்டுத்தான். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கால் துண்டு கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டிலும் பள்ளியிலும்

சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம் அதே நேரத்தில் நடக்கட்டும், ஒழுங்கு தெரிந்த வீட்டில் பிள்ளைக்குக் காவல் காக்கும் வேலை குறையும். படுக்கை நனைந்தால் பாயை மாற்றுங்கள், பக்கத்து வீட்டுக்குச் சொல்லாதீர்கள். ஒரே கெட்ட கனவு திரும்ப வந்தால் பகலில் அதை வரையச் சொல்லி, முடிவை மட்டும் பிள்ளை விரும்புகிற மாதிரி மாற்றச் சொல்லுங்கள், புது முடிவைத் தூங்கப் போகும் முன் ஒரு தரம் சொல்லிப் பார்க்கட்டும். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தாலும் வேலை செய்கிற முறை. கோபத்தில் பொருளை எறிந்தால் எறிவது கூடாது என்ற சட்டம் அப்படியே இருக்கட்டும், அடி மட்டும் வேண்டாம். அடிபட்ட உடம்புக்கு அடி இன்னொரு எச்சரிக்கை மணி.

பள்ளியில் எல்லா டீச்சருக்கும் கதை தெரிய வேண்டாம், நம்பகமான ஒருவருக்குத் தெரிந்தால் போதும். கதவு தெரிகிற இடத்தில் உட்காரவைப்பது, பின்னாலிருந்து தொடாமல் இருப்பது, நிலைகொள்ளாதபோது வெளியே போய்த் தண்ணீர் குடித்துவர ஒரு சைகை, இவ்வளவுதான் கேட்க வேண்டும்.

பெற்றோரே, உங்களுக்கும் அதே சம்பவம் நடந்திருக்கிறது. நீங்கள் தூங்குகிறீர்களா? அம்மாவுக்கு இந்தக் கோளாறு இருந்தால் பிள்ளைக்குக் குணமாவது தாமதமாகும், பிள்ளைக்குச் சீட்டுப் போடும் அன்றைக்கே உங்களுக்கும் ஒன்று போடுங்கள்.

பாலியல் கொடுமை என்றால்

இங்கே வழி வேறு. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், "அந்த மாமா இங்க தொட்டாரா?" என்று நீங்களாக எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், உன் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் எவராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்கே தண்டனை. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. பிள்ளை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர் ஒருவர், சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் பரிசோதிப்பது பெண் டாக்டராக இருக்க வேண்டும். 1098-க்கு அடித்தால் குழந்தைகள் நலக் குழு வரை வழிகாட்டுவார்கள். கேஸ் முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும், பிள்ளை அதுவரை காத்திருக்க முடியாது.

திரும்ப வந்தால்

குணமான பிறகும் சில நாட்கள் கிளறிவிடும். சம்பவம் நடந்த தேதி, நவம்பர் மழை, ஜனவரியில் தெருவில் கேட்கும் மாட்டுச் சலங்கை, வைகாசியில் குடியாத்தம் சிரசுத் திருவிழாவின் வாணவேடிக்கை. முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி, பார்க்க வருகிறாயா வீட்டில் இருக்கிறாயா என்று அதன் விருப்பத்துக்கு விடுங்கள், மூச்சுப் பயிற்சியை ஒரு வாரம் முன்பே மறுபடி தொடங்குங்கள். இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் கெட்டால் பதற வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ பழைய சிகிச்சையாளரிடமே போங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது, பெரும்பாலும் சில அமர்வுகளிலேயே பிள்ளை விட்ட இடத்துக்கு வந்துவிடும். அதற்காகவே பழைய ஓபி நோட்டையும் பிள்ளை எழுதிய கதையையும் பத்திரமாக வைத்திருங்கள், கதையை எங்கே வைப்பது, யார் படிக்கலாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.